ரூபாவதியின் வலது கை

முதல் நாள், முதல் காரியமாக, ரூபாவதி தன் புருஷன் ஏகாம்பரத்தின் கையால் தன் மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் யாரும் பதினான்கு மாதம் அசைய முடியாமல் உட்கார்ந்து மூக்கு அரித்துப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். அந்த மூக்கு அத்தனை நாளும் அடுத்தவர் தயவில்தான் இருந்தது. கொசு வந்து உட்காரும். எதிரே மாட்டியிருக்கும் டேப்லெட் திரையில் எழுத்தெழுத்தாகக் கண்ணை ஓட்டி அவள் 'மூக்கு' என்று எழுதுவாள். டேப் அதை முன்பே பதிந்துவைத்த அவளுடைய பழைய குரலில் சொல்லும். சமையல்கட்டிலிருந்து ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து "இங்கயா? இன்னும் மேலயா?" என்று விசாரித்து முடிப்பதற்குள் கொசு வயிறு நிறைந்து பெரம்பூர் தாண்டியிருக்கும்.

இன்றைக்கு அப்படி இல்லை. ஏகாம்பரத்தின் மடியில் சும்மா கிடந்த வலது கை, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்தது. கொஞ்சம் தள்ளாடியது. சக்கர நாற்காலிப் பக்கம் நீண்டு, சுட்டுவிரலை மட்டும் பிரித்து, அவள் மூக்கின் இடது ஓரத்தில் மிகச் சரியான இடத்தில் மூன்று தடவை சொறிந்தது. ரூபாவதி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை ஏகாம்பரம் அவர்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"இன்னா மேடம் இது!" என்றான். அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "என் கை, ஆனா நான் இல்ல!"

"அதான் விஷயம்," என்றாள் நூருன்னிசா. தரமணியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பொறியாளர். நாற்பதைத் தாண்டியவள், சிரிக்காமலே கிண்டல் செய்யத் தெரிந்தவள். இந்தக் கருவிக்குப் பின்னால் ஒன்பது வருஷமாக அலைகிறாள். "அக்காவோட மூளை கட்டளை போட்டுக்கிட்டேதான் இருக்குண்ணா. 'கையைத் தூக்கு, விரலை மடக்கு'ன்னு. அதைத் தசைக்குக் கொண்டுபோற நரம்பு ஒவ்வொண்ணா செத்துப்போயிடுது. அதுதான் இந்த மோட்டார் நியூரான் நோய். நாங்க என்ன பண்றோம்னா, கட்டளையை மண்டையிலேயே பிடிச்சு, வேற ஒரு உடம்புல கொண்டுபோய்க் கொடுக்கறோம்."

பிடிப்பதற்கு ரூபாவதியின் மண்டை ஓட்டுக்குக் கீழே தபால்தலை அளவில் ஒரு மெல்லிய வலை. கொடுப்பதற்கு ஏகாம்பரத்தின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தோல்நிறத்தில் ஓர் உறை. அவ்வளவுதான் கருவி. உறை சின்னச் சின்ன மின்சாரத் துடிப்புகளால் அவன் தசைகளை இழுக்கும். அவன் விரல் எதைத் தொட்டாலும் அந்தத் தொடுகையை அவளுக்குத் திருப்பியும் அனுப்பும்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றாள் நூருன்னிசா. "நீங்க கையைத் தளர்த்தியே வெச்சிருக்கணும். நீங்க இறுக்கினா அக்கா அந்த நொடியே வெளிய போயிடுவாங்க, கை உங்களுக்கு வந்துடும். அது வேணும்னே அப்படிச் செஞ்சது. ஒரு வீட்டுல மருமக கைல மாமனாரு ஏறி உக்காந்தாரு. ரெண்டே வாரம். குழம்புல உப்பு அவர் ருசிக்கு, கோலம் அவர் இஷ்டத்துக்கு. அந்தப் பொண்ணு பயந்துபோய்க் கையை இறுக்கவே இல்ல. நாங்களே போய் உறையைக் கழட்டிக்கிட்டு வந்தோம். உங்க கைக்கு நீங்கதான் முதலாளி. மறந்துடாதீங்க."

ஏகாம்பரம் தலையாட்டினான். அவன் வலது கை எழுந்து அவனுடைய காதைப் பிடித்துத் திருகியது.

"கேட்டியா?" என்றது டேப், ரூபாவதியின் குரலில்.

*

வியாசர்பாடியில் ஏகாம்பரத்துக்கு இரண்டு சக்கர வண்டி ஒர்க்‌ஷாப். ரூபாவதிக்கு ரயில்வேயில் வேலை. ஃபைல் தள்ளுவதற்காக அவளை எடுக்கவில்லை, கேரம் ஆடுவதற்காக எடுத்தார்கள். இரண்டு தடவை தேசிய சாம்பியன். வட சென்னையில் நாலு பேர் கேரம் போர்டைச் சுற்றி நின்றால், அதில் ஒருவராவது ரூபாவதி அடித்த ஏதோ ஓர் அடியை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்வார். நாற்பத்தாறாவது வயதில் அவளுடைய சுட்டுவிரல்தான் முதலில் மக்கர் செய்தது. ஸ்ட்ரைக்கர் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. பவுடர் சரியில்லை என்றாள். போர்டு சரியில்லை என்றாள். பிறகு சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை, அதற்குப் பவுடரைக் குறை சொல்ல முடியாது.

மூன்று வருஷத்தில் கை, கால், கழுத்து, நாக்கு என்று வரிசையாகப் போயின. ஏகாம்பரம் பாதி டாக்டர் ஆகிவிட்டான். தண்ணீர் நேராகக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கி இருமல் உயிரை எடுக்கும்; அதனால் அரிசிக்கஞ்சி பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். எச்சில் சேர்ந்தால் உறிஞ்சும் மிஷினை வாயோரம் வைக்க வேண்டும். விடியற்காலையில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். தூங்கும்போது மூக்கில் மாட்டும் காற்று மிஷின் வேண்டும். எல்லாவற்றையும்விட அவனைக் குழப்பியது சிரிப்பு. சாவு வீட்டில்கூட ரூபாவதி அடக்க முடியாமல் சிரித்துவிடுவாள். அதுவும் நோய்தான் என்று டாக்டர் சொன்னபிறகு, கூட்டத்தில் அவள் சிரித்தால் அவனும் சேர்ந்து சிரித்து வைத்தான். தனியாகச் சிரிக்க விட்டால் நன்றாகவா இருக்கும்?

உறை வந்த பிறகு வீடே தலைகீழாகிவிட்டது. ரூபாவதி தானே சாப்பிட்டாள். ஸ்பூன் பிடித்தது ஏகாம்பரத்தின் கை. ஆனால் எப்போது அடுத்த வாய் என்று முடிவு செய்தது அவள். அதில் இருமல் பாதியாகக் குறைந்தது. ஊட்டுகிறவனுக்கு என்ன தெரியும், விழுங்குகிறவளுக்கு அல்லவா தெரியும்! கெண்டைக்கால் சுருட்டினால் தானே அழுத்திவிட்டுக்கொண்டாள். தலையைத் தானே வாரினாள். ஏகாம்பரம் வாரிய வகிட்டைப் பற்றி இத்தனை நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தவள், கண்ணாடியைப் பார்த்துவிட்டு டேப்பில், "ஒரு வருஷமா இப்படியா வெளிய போனேன்?" என்று கேட்டாள்.

நான்காவது வாரம் அவள் பரண்மேல் இருந்த கேரம் போர்டை இறக்கச் சொன்னாள்.

ஏகாம்பரத்துக்குக் கேரம் சுத்தமாக வராது. கல்யாணமான புதிதில் இரண்டு தடவை ஆடிப் பார்த்தான். 'நீ ஸ்பேனரே பிடி' என்று அவள் கும்பிட்டுவிட்டாள். அவன் விரல்களோ ஒவ்வொன்றும் முருங்கைக்காய். அந்த விரல்கள் இப்போது போர்டின் மேல் இறங்கின. பவுடரை ஒரு தடவு தடவின. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, பெருவிரலும் நடுவிரலும் கத்தரிபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ரூபாவதியின் பிடி அது. ஊருக்கே தெரிந்த பிடி.

முதல் அடி வெறும் சட்டத்தில் மோதியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஏகாம்பரத்தின் கை பதறி இறுகியது, ரூபாவதி வெளியே போய்விட்டாள்.

"யோவ். கையைத் தூங்க வை."

"முழிச்சிக்கிட்டுக் கையை மட்டும் எப்படி தூங்க வெக்கறது?"

"வேற எதையாவது நினை."

ஏகாம்பரம் யோசித்துப் பார்த்துவிட்டு, மின்சார ரயில் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான். "பீச், ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர்..." வில்லிவாக்கம் வந்தபோது விரல் சொடுக்கியது. ஒரு வெள்ளைக் காய் போர்டைக் குறுக்கே கடந்து 'டப்'பென்று பாக்கெட்டில் விழுந்தது.

ஏகாம்பரம் எழுந்து நின்று கைதட்டப் போனான். வலது கை ஒத்துழைக்கவில்லை. அது ஏற்கெனவே அடுத்த காய்க்கு ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டிருந்தது.

*

ஜனவரியில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். மூச்சுத் தசைகளும் தளர ஆரம்பித்துவிட்டன. மூக்கில் மாட்டும் மிஷின் இன்னும் இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். அதற்குப் பிறகு தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மிஷினே மூச்சு விட வேண்டும். குழாய் வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கலாம். வைப்பதும் வைக்காததும் அவர்கள் இஷ்டம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

"வோணாம்," என்றது டேப். அவர் முடிப்பதற்குள்ளேயே.

வீட்டுக்கு வந்து ஏகாம்பரம் கெஞ்சினான். கோபப்பட்டான். அன்றைக்குக் கஞ்சியே கரைக்க மாட்டேன் என்றான், ஐந்து நிமிஷத்தில் கரைத்துக் கொண்டுவந்தான்.

"மிஷின்ல கெடந்து ஃபேனைப் பாக்கறதுக்கு ஒரு ஓட்டையா?" என்று அவள் கேட்டாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது. "எனக்குத் தூக்கம் வருதுய்யா. நல்ல தூக்கமா தூங்கணும் போல கீது."

ஏகாம்பரம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். டேப் மறுபடியும் பேசியது.

"என்கூட ஆடுவாளே, கிளாரா கூப்டுறா. கிளப் டோர்னமெண்ட். ஜெயிச்சா ஓட்டை போட்டுக்கறேன்."

"தோத்தா?"

"தோத்தா நீ அழக் கூடாது."

ஏகாம்பரம் அதற்கு ஒப்புக்கொண்டான். வேறு வழி? அன்றிலிருந்து அவன் ஒர்க்‌ஷாப்பை மதியத்தோடு மூடினான். நூருன்னிசா ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் மட்டும்தான் உறையைப் போடலாம் என்று சொல்லியிருந்தாள்; அந்த நான்கு மணியும் போர்டுதான். அவனுக்குத் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. கடையில் ஸ்பேனரை எடுத்தால் விரல்கள் தானாகக் கத்தரிப்பிடிக்குப் போயின. நட்டுகளைச் சொடுக்கி மூலைக்கு அனுப்பினான். வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவனுக்கு அதெல்லாம் பெருமையாக இருந்தது. என் பொண்டாட்டியின் கை என்று ஊரெல்லாம் காட்டினான்.

*

கிளப் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே நிற்க இடமில்லை. பாதிப்பேர் கேரம் பார்க்க வந்தவர்கள், மீதிப்பேர் ஏகாம்பரத்தின் கையைப் பார்க்க வந்தவர்கள். 'ரூபாக்கா வந்துட்டாங்க' என்று வாசலில் குரல் கேட்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து சக்கர நாற்காலிக்கு வழி விட்டது. விசில் பறந்தது. ரூபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோய்ச் சிரிப்பா சொந்தச் சிரிப்பா என்று ஏகாம்பரம் அன்றைக்குக் கவலைப்படவில்லை.

அரையிறுதி வரை எல்லாம் கல்யாண ஊர்வலம் மாதிரிதான் போனது. ஃபைனலில் கிளாரா. காசிமேட்டுப் பெண், முப்பத்தொரு வயது, பன்னிரண்டு வயதிலிருந்து ரூபாவதியோடு ஆடியவள். ஆட்டம் தொடங்குமுன் கிளாராவின் கிளப் ஆட்கள் அம்பயர் வேணு சாரிடம் போய் நின்றார்கள்.

"சார், ஏகாம்பரம் அண்ணன் ரெண்டு மாசமா தினம் நாலு மணி நேரம் போர்டுல உக்காந்திருக்காரு. அவருக்கே ஆட்டம் வந்திருக்கும். ஆடறது அக்காவா அண்ணனான்னு எங்களுக்கு எப்படி தெரியும்?"

"எனக்கா? ஆட்டமா?" என்று ஏகாம்பரம் குதித்தான். "என் பொண்டாட்டிய கேளுங்கப்பா!"

ரூபாவதியின் கண்கள் டேப்பில் ஓடின.

"நியாயமான கேள்வி. அவன் கண்ணைக் கட்டுங்க."

கிளாரா மட்டும் "அக்கா, அதெல்லாம் வேணாம்க்கா" என்றாள். யாரும் கேட்கவில்லை. யாரோ ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுவந்து ஏகாம்பரத்தின் கண்ணை இறுக்கிக் கட்டினார்கள். முன்னால் போர்டு இருந்தது, பக்கத்தில் அவள் இருந்தாள், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போதெல்லாம் பகலிலும் மாட்டும் காற்று மிஷினின் சத்தம் மட்டும் கேட்டது. புஸ், புஸ். அந்தச் சத்தம் ஒழுங்காக இருக்கும்வரை பயமில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"பீச், ராயபுரம், வண்ணாரப்பேட்டை..."

கண் தெரியாதபோதுதான் அவனுக்கு ஒரு விஷயம் புரிந்தது. தன் கைக்குள் ரூபாவதி எப்படி இருக்கிறாள் என்று அவனால் உணர முடிந்தது. குறி பார்க்கும்போது மணிக்கட்டில் ஒரு சின்னத் தயக்கம். முடிவுசெய்ததும் விரலில் ஒரு கெட்டித்தனம். பிறகு சொடுக்கு. விழுந்ததா இல்லையா என்று அவனுக்குச் சொன்னது கூட்டம்தான். 'ஆ...' என்றால் விழவில்லை. 'ஹோ' என்றால் விழுந்தது. அவனும் சேர்ந்து 'ஹோ' என்றான். அம்பயர் இரண்டு தடவை கண்டித்தார்.

முதல் ஆட்டம் ரூபாவதிக்கு. இரண்டாவது ஆட்டம் கிளாராவுக்கு. நடுவில் நூருன்னிசா வந்து ரூபாவதியின் எச்சிலை உறிஞ்சி எடுத்து, கழுத்துப் பட்டையைச் சரிசெய்தாள். "அக்கா களைச்சுப்போயிட்டாங்க," என்று அவன் காதோரம் சொன்னாள். "நிறுத்திக்கலாமான்னு கேட்டேன். என்னை முறைச்சாங்க."

மூன்றாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. இருவரும் சமம். கடைசி போர்டு, இதை யார் முடிக்கிறார்களோ அவர்களுக்குக் கப். ஏகாம்பரம் ஸ்டேஷன்களை மூன்றாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. கையில் தயக்கம் ஒவ்வொரு அடிக்கும் கூடியது. புஸ், புஸ் சத்தத்துக்கு நடுவில் அவளுடைய சொந்த மூச்சு சின்னதாக, அவசரமாகக் கேட்டது.

"கிளாராவுக்கு ஒரு பிளாக். அக்காவுக்கு ஒரு ஒயிட். ரெட் நடுவுல," என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

தயக்கம். கெட்டித்தனம். சொடுக்கு.

'ஹோ'வென்று கூரை பிய்த்துக்கொண்டது. ரெட் விழுந்துவிட்டது. இனி ஒரே வேலைதான் பாக்கி. ரெட்டைப் போட்டவள் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட வேண்டும், ஃபாலோ என்பார்கள். போட்டால் ஆட்டம் முடிந்தது. தவறினால் ரெட் திரும்பப் போர்டுக்கு வந்துவிடும்.

"ஒயிட் எங்கடா நிக்குது?"

"ரைட் பாக்கெட் வாயிலயே நிக்குது. ஊதினா விழும்."

ஏகாம்பரத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஊதினால் விழும்! அவள் பிழைத்துவிட்டாள். தொண்டையில் குழாய், வீட்டில் மிஷின், காலையில் கஞ்சி, காது திருகல், இன்னும் பத்து வருஷம். அவன் கை ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தது. பெருவிரலும் நடுவிரலும் கத்தரியாக ஏறின. மணிக்கட்டு வலது மூலையைப் பார்த்துத் திரும்பியது. பாக்கெட்டுக்கு நேராக வந்தது.

நேராக வந்து, அங்கே நிற்காமல், திரும்ப இடது பக்கம் கொஞ்சம் நகர்ந்தது.

முப்பது வருஷம் போல்ட்டும் நட்டும் பார்த்த கை. கண் இல்லாவிட்டாலும் கோணம் தெரியும். பாக்கெட்டுக்கு இடது பக்கம் ஒரு விரல்கடை. அங்கே இருப்பது வெறும் மரச்சட்டம். கை அங்கேயே நின்றது. விரலில் அந்தக் கெட்டித்தனம் வர ஆரம்பித்தது. அவள் முடிவுசெய்துவிட்டாள்.

வேண்டுமென்றே வெளியே அடிக்கப் போகிறாள். தூக்கம் வருதுய்யா என்று சொன்னாளே. அழக் கூடாது என்று முன்கூட்டியே வாக்கு வாங்கினாளே. இத்தனை பேர் முன்னால் ரெட்டையும் போட்டுக் காட்டிவிட்டு, கௌரவமாகத் தோற்றுப் போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறாள்.

வில்லிவாக்கத்துக்கு அப்புறம் என்ன ஸ்டேஷன் என்பது அவனுக்கு மறந்துபோனது.

உன் கைக்கு நீதான் முதலாளி. ஏகாம்பரம் கையை இறுக்கினான். கைக்குள்ளிருந்து ரூபாவதி போய்விட்டாள். விளக்கை அணைத்ததுபோல் அது தெளிவாகத் தெரிந்தது. முருங்கைக்காய் விரலை வலது பக்கம் ஒரு விரல்கடை நகர்த்தி, பாக்கெட்டுக்கு நேராக வைத்து, தன் உயிரையெல்லாம் சேர்த்து அடித்தான்.

'டப்.'

கூட்டம் 'ஹோ' என்று ஆரம்பித்தது. பிறகு இன்னொரு சத்தம், கனமாக. 'டப்.'

'ஹோ' பாதியில் நின்றது.

"ஸ்ட்ரைக்கரும் உள்ள போயிடுச்சு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வேணு சார் விதியைச் சொன்னார். அந்தக் கிளப்பில் ஸ்ட்ரைக்கர் விழுந்தால் போட்ட காய் திரும்ப வரும், ஃபாலோ இல்லாததால் ரெட்டும் வரும், அபராதமாக இன்னொரு காயும் வரும், அடிக்கும் முறை எதிராளிக்குப் போகும். மூன்று காய்களையும் நடுவில் வைத்தார். கிளாரா நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு இரண்டே அடி. ரெட், பிளாக்.

கைதட்டல் தயங்கித் தயங்கி வந்தது.

*

ஏகாம்பரம் கண்கட்டை அவிழ்த்தபோது வெளிச்சம் கூசியது. ரூபாவதி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளாரா கப்பைத் தொடாமல் நாற்காலிப் பக்கம் வந்து குந்தி உட்கார்ந்தாள். "சார், இது அக்கா அடி இல்ல," என்றாள் வேணு சாரிடம். "வாயில நிக்கிற காயை அக்கா நேரா அடிச்சு நான் பார்த்ததே கிடையாது. நேரா அடிச்சா ஸ்ட்ரைக்கரும் பின்னாடியே போகும்னு எனக்கே அவங்கதான் பன்னெண்டு வயசுல குட்டிச் சொன்னாங்க. காய்க்கு ஓரமா, சட்டத்தைப் பார்த்து அடிக்கணும். காயை உரசிட்டு ஸ்ட்ரைக்கர் சட்டத்துல மோதித் திரும்பிடும். மறுபடியும் ஆடலாம் சார்."

"வோணாம்," என்றது டேப். "போர்டுல விழுந்தது விழுந்ததுதான். கப்பை எடு."

ஏகாம்பரத்துக்கு எல்லாம் புரிந்தது. அந்த ஒரு விரல்கடை என்ன என்று புரிந்தது. அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"ரூபா, நான்தான். நீ வெளிய அடிக்கப் போறேன்னு நினைச்சேன்."

கண்கள் மெதுவாக ஓடின. "ஏன் வெளிய அடிக்கணும்?"

"தோக்கறதுக்கு. குழா வெச்சுக்காம..." அதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை. அழக் கூடாது என்ற வாக்கையும் காப்பாற்ற முடியவில்லை. மூக்கு ஒழுக, அறுபது பேர் முன்னால், ஐம்பத்துநாலு வயது மனுஷன் அழுதான். "நீ ஜெயிச்சிருப்ப. நான் கெடுத்துட்டேன். என் கையால கெடுத்துட்டேன் ரூபா."

ரூபாவதி எழுத ஆரம்பித்தாள். நீளமாக எழுதினாள். நூருன்னிசா அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"நானா? தோக்கவா? கிளாரா கிட்டயா? இருபத்தெட்டு வருஷமா என்கூட குடித்தனம் பண்றே. வேணும்னே ஒரு காயை நான் விட்டுப் பார்த்திருக்கியா?"

"இல்ல," என்றான் ஏகாம்பரம்.

கிளாரா சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்கள் மறுபடியும் ஓடின. இந்தத் தடவை வேகமாக. ஆட்டத்தின்போது அந்த மணிக்கட்டில் இருந்த தயக்கம் அந்தக் கண்களில் துளியும் இல்லை.

"கிளாரா. அடுத்த டோர்னமெண்ட் எப்போ?"

"ஆகஸ்ட் பதினஞ்சுக்கா. அஞ்சு மாசம் இருக்கு."

"நூரு. ஓட்டை போட்டா ஆற எத்தினி நாள்?"

நூருன்னிசா ஏகாம்பரத்தைப் பார்த்தாள். பிறகு ரூபாவதியைப் பார்த்தாள். "மூணு வாரம்க்கா," என்றாள் ஜாக்கிரதையாக. "வீட்டுக்கு வந்து பழக இன்னொரு மாசம்."

"புதுக் கையைப் பழக்க?"

"புதுக் கையா?"

"இந்தாளு வோணாம். வேற கை பாரு. அவசரக் கை இது. ஆட்டத்துக்கு ஆகாது."

"என் கையை எடுத்துக்கங்கக்கா," என்றாள் கிளாரா.

"உன் கையை வெச்சிக்கிட்டு உன்னை எப்படித் தோக்கடிக்கறது? போடி."

ஹாலில் சிரிப்பு கிளம்பி அடங்கியது. ரூபாவதியின் கண் டேப்பின் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் போய்வந்தது. "வியாழக்கிழமையே போட்டுடச் சொல்லு டாக்டரை. நாள் பத்தாது."

ஏகாம்பரத்துக்கு முதலில் அது பிடிபடவில்லை. வியாழக்கிழமை என்ன, எதைப் போட என்று விழித்தான். நூருன்னிசா அவன் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். அப்போதுதான் ஏறியது.

"அப்ப நான்?" என்றான் எழுந்து நின்று. "நான் என்ன பண்றது ரூபா?"

"நீ கஞ்சி கரை. அதுல ஸ்ட்ரைக்கர் இல்ல."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவனைத் திட்டாத திட்டு கிடையாது. ஆனால் வேலையிலிருந்து நீக்கியது இதுதான் முதல் தடவை. ஏகாம்பரம் முழங்கையிலிருந்து உறையை உருட்டிக் கழற்றி, மடித்து, இரண்டு கையாலும் நூருன்னிசாவிடம் கொடுத்தான். முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவள் மனசு மாறுவதற்குள் டாக்டரைப் பிடித்துவிட வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான நம்பருக்குப் போனது.